கூட நிற்க ஆள் வேண்டும்

1

போன மாதம் ஒரு நாள் ஊரிலிருந்து என் தங்கச்சி மரியா போனில் பேசினாள். பேச்சுவாக்கில், "அக்கா, இந்தியாவில ரோட்டில படுக்கிற சனத்துக்கும் ஆஸ்பத்திரி, மருந்து, சாப்பாடு எல்லாம் சும்மா குடுக்கினமாமே? நீங்களெல்லாம் குடுத்து வச்சனீங்கள்" என்றாள். நான் அப்போது தாம்பரத்தில், வீடில்லாதவர்கள் தங்குகிற இல்லத்தின் அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். "ஓம், எல்லாம் சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுவதும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பங்குத் திருவிழா மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழுதித் தர வேண்டும் என்று அவள் முன்னமே கேட்டிருந்தாள். கனடாவில் இருக்கிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள். லண்டனில் இருக்கிறவர்கள் பிள்ளைகள் தமிழ் பேசவில்லை என்று எழுதுவார்கள். நான் இருப்பதோ மன்னார்க் கடலுக்கு அந்தப் பக்கம். இதையும் வெளிநாடு என்று சேர்ப்பார்களா என்று கேட்டேன். "படகில போனாலும் வெளிநாடு வெளிநாடுதான்" என்றாள் மரியா. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் கூட.

நான் மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத நேரமெடுக்கும். எனக்கு அவசரமும் இல்லை. எழுத்துப் பிழைகளை என் மகள் ரஜனி திருத்தித் தருவாள். நடந்ததைத் திருத்த விடமாட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். வேலை போகக்கூடிய ஒரு பிள்ளை இந்தக் கதையில் இருக்கிறாள்.

2

நாங்கள் இருப்பது பொழிச்சலூரில். விமானம் இறங்குகிற வழி எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான். படகில் வந்தவர்களுக்கு விமானத்துக்குக் கீழே வீடு வாய்த்திருக்கிறது. ரஜனியும் மருமகனும் பேரன் தருணும் நானுமாக நாலு பேர். வீடு தரும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், சிலோன் ஆட்களுக்குத் தருவதே பெரிய காரியம், நாலு பேருக்கு மேல் ஓர் ஆள் கூடினாலும் காலி செய்ய வேண்டும் என்று. அகதி முகாமுக்கு வெளியே இருக்கிற எங்களைப் போன்றவர்கள் வீடு மாறுகிறபோதெல்லாம் பொலிஸில் போய்ச் சொல்ல வேண்டும். எத்தனை முறை ஒரே கதையைச் சொல்வது? எந்தக் கரையில் இறங்கினீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள், ஏன் வெளியே வந்தீர்கள். கேட்கிற பொலிஸ்காரர் மாறிக்கொண்டே இருப்பார். நான்தான் அதே ஆள்.

அக்கம்பக்கத்தில் ரஜனி எங்களை ராமநாதபுரத்துக்காரர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சு நன்றாக வந்துவிட்டது. தருணுக்கோ வேறு பேச்சே தெரியாது. அம்மம்மா என்று கூப்பிட மாட்டான், பாட்டிதான். நான் வாசலில் நின்று யாரோடாவது கொஞ்சம் கதைத்தால் ஓடி வருவான். "பாட்டி, மெதுவா. பக்கத்து வீட்ல கேக்கும்." கேட்டால் என்ன என்று நான் கேட்டதில்லை. அவனுடைய பள்ளிக்கூடம், அவனுடைய சிநேகிதர். அவன் இந்த ஊர்க்காரனாகவே ஆகட்டும்.

காலையில் பஸ் பிடித்துப் பல்லாவரம் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். மேம்பாலத்துக்குப் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றில் இல்லம் நடக்கிறது. ஆண்களுக்கு மாடி, பெண்களுக்குக் கீழே. ரயில் நிலையத்திலும் பஸ் நிறுத்தத்திலும் படுக்கிறவர்களை அழைத்து வந்து தங்க வைப்பார்கள். நான் அங்கே சமைக்கிறேன். ஆயாம்மா என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட வேண்டாம், எனக்குப் பிலோமினா என்று ஒரு பெயர் இருக்கிறது என்றேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். மண்டபம் முகாமில் தட்டோடு வரிசையில் நின்றவள் நான். என் சமையலுக்கு யாரும் தட்டோடு வரிசையில் நிற்கக் கூடாது. உட்கார வைத்துத்தான் பரிமாறுவேன். மேனேஜர் பாஸ்கர் சார் சிரித்துக்கொண்டு சரி என்றார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

புதன்கிழமைகளில் மருந்து வண்டி வரும். ஒரு வான் வண்டி, அதற்குள் ஒரு மேசை, மருந்துப் பெட்டிகள், செல்வி என்கிற நர்ஸ் பிள்ளை. பிரஷர், சர்க்கரை பார்ப்பாள், சொறி சிரங்குக்கு மருந்து தருவாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். ரோட்டில் இருக்கிறவர்களின் கால்களை நான் அங்கேதான் பார்த்தேன். ஒருவருக்கும் கால் ஒழுங்காக இல்லை. செருப்பில்லாமல் நடந்தும், நின்றும், மழைத் தண்ணீரில் ஊறியும் கெட்டுப்போன கால்கள். செல்வி முகம் சுளிக்காமல் ஒவ்வொரு காலையும் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் நிரந்தர வேலைக்காரி இல்லை. வருடத்துக்கு ஒரு முறை எழுதி வாங்கிக்கொண்டு வேலையை நீட்டுவார்கள்.

தேவராஜை நான் பார்த்ததும் அங்கேதான். பரோட்டா மாஸ்டர். மேடவாக்கம், கீழ்க்கட்டளை என்று இந்தப் பக்கத்து ஓட்டல்களில் கல்லுக்கு முன்னால் நின்றே வயது போனவர். அந்த ஓட்டல்களில் வேலைக்காரர்கள் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். சர்க்கரை வியாதியால் அவருக்குக் காலில் உணர்ச்சி செத்துப்போய்விட்டது. ஒரு நாள் அடுப்புத் தணல் பாதத்தில் விழுந்து வெந்தது தெரியாமலே மாவு வீசிக்கொண்டு நின்றிருக்கிறார். புண் நாறத் தொடங்கியதும் முதலாளி வர வேண்டாம் என்றுவிட்டார். வேலை போன அன்றே படுக்கையும் போனது; அப்படித்தான் இல்லத்துக்கு வந்தார்.

வந்த சில நாளிலேயே என்னிடம் வம்புக்கு வந்தார்.

"இன்னா சிலோன்காரம்மா, இன்னிக்கும் சாம்பாரா? உங்க ஊர்ல மீனு, தேங்காப்பாலுன்னு பீத்திக்கினு கீற. எங்களுக்கு மட்டும் தெனம் சாம்பாரு."

"மீன் வாங்கித் தாங்கோ தம்பி, ஆக்கித் தாறன்."

"தாறனாம்! யம்மா, தமிழ்ல பேசு!"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மற்ற இடங்களில் நான் ராமநாதபுரத்துக்காரி. அந்த ஒரு இடத்தில்தான் என்னைச் சிலோன்காரி என்று நாலு பேர் கேட்கக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். அடுத்த நாள் சாம்பாரில் அவருக்கு ஒரு முருங்கைக்காய் கூடப் போட்டேன். "லஞ்சமா?" என்றார்.

3

ஒரு புதன்கிழமை செல்வி அவருடைய கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவர் நெற்றியில் கை வைத்தாள். பிறகு, "தேவராஜண்ணா, இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்" என்றாள். அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆட்டோவில் அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். சமையல் முடிந்திருந்ததால் நானும் ஏறினேன்.

வழியில் அவர் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "காலு மட்டும் எடுக்க வோணாம்னு சொல்லு. கல்லாண்ட நின்னாதான் எனக்கு சோறு. இன்னா வோணா பண்ணட்டும், காலு வோணாம்." என்னிடம்தான் சொன்னார். நான் "சரி தம்பி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அது அரசாங்க ஆஸ்பத்திரி. எல்லாம் சும்மாதான், மரியா. சீட்டு எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல், "அட்டெண்டர் யாரு?" என்று கேட்டார்.

நம் ஊரில் அட்டெண்டன் என்றால் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிற ஆள். ஆகவே நான் செல்வியிடம், "அதை அவையளே தருவினமே பிள்ளை" என்றேன். அவள் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விளக்கினாள். இங்கே அட்டெண்டர் என்றால் நோயாளியின் சொந்தக்காரர். மருந்து வாங்கி வர, ரத்தத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுக்க, துடைக்க, கழுவ, தள்ளுவண்டி தள்ள, கையெழுத்துப் போட ஓர் ஆள் கூடவே நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் படுக்கை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

"இவருக்குத்தான் யாரும் இல்லையே" என்றேன்.

"அதான்மா." செல்வி என் கையைப் பிடித்தாள். "நான் நிக்க முடியாது. வண்டி இன்னும் நாலு இடம் போகணும். நீங்க அக்கான்னு சொல்லிடுங்க. கூடப் பிறந்தவங்கன்னா கேள்வி கேக்க மாட்டாங்க."

நான் கொஞ்சம் யோசித்தேன். ராமநாதபுரத்துக்காரி என்ற பொய்யைத் தினமும் உடுத்திக்கொண்டு திரிகிறவளுக்கு இன்னொன்று என்ன பாரம்? போய், "நான்தான் அக்கா" என்றேன். சீட்டு எழுதுகிறவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி தாம்பரம். அக்கா பேச்சு சிலோன் மாதிரி இருக்கு?"

"சின்ன வயசுலயே பிரிஞ்சிட்டாங்க சார்" என்றாள் செல்வி.

"சினிமா மாதிரில்ல இருக்கு" என்றார் அவர். "சரி, ஏதோ ஒண்ணு. நிக்கறதுக்கு ஆள் இருக்குல்ல, அது போதும்."

அப்படி நான் தேவராஜுக்கு அக்கா ஆனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

அந்த வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்தபோது என் மனுஷனை நினைத்தேன். மன்னார் ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த கடைசி நாட்களில் பார்வை நேரம் முடிந்ததும் மணி அடிப்பார்கள். அடித்தவுடன் எங்களை வெளியே போகச் சொல்வார்கள். நான் கெஞ்சிப் பார்த்தேன், விடவில்லை. வெளியே மரத்தடியில் நின்றபோதுதான் அவர் போனார். இங்கேயோ கட்டிலுக்குக் கட்டில் ஒரு மனைவி, ஒரு அம்மா, ஒரு தங்கச்சி. அதைப் பார்த்தபோது நல்ல வழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆள் உள்ளவர்களுக்கு அது நல்ல வழக்கம்தான்.

4

மறுநாள் மத்தியானம் ஒரு டாக்டர் வந்தார். சின்னப் பிள்ளை, தூக்கமில்லாத முகம்.

"அம்மா, கிருமி மேல ஏறிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். தள்ளிப்போட்டா ஆளே மிஞ்ச மாட்டார். அவருக்கு இப்ப நெனவு சரியா இல்ல. நீங்கதானே அக்கா? நீங்கதான் சம்மதிக்கணும்."

"அவர் வேண்டாமெண்டு சொன்னவர், டாக்டர்."

"எப்ப சொன்னார்?"

"ஆட்டோவில."

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புத்தான். "உயிர் வேணுமா, கால் வேணுமான்னு முடிவு பண்ணுங்கம்மா. சீக்கிரம்."

செல்விக்குப் போன் எடுத்தேன். அவள் ஏதோ ரோட்டில் நின்றாள்; பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில், "கையெழுத்துப் போடுங்கம்மா, உயிராவது மிஞ்சட்டும்" என்றாள். தேவராஜைத் தோளைத் தட்டி எழுப்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "மாவு காயுது, துணி போடு" என்றார். அவ்வளவுதான்.

போட்டேன். என் பெயரை எழுத எனக்கு நேரமெடுக்கும். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும் வரை அந்த டாக்டர் பிள்ளை பொறுமையாக நின்றார். எனக்கு அவர்மேல் குறை இல்லை. அந்த நாள் இன்னொரு முறை வந்தாலும் நான் அதைத்தான் செய்வேன். என் மனுஷனைக் காப்பாற்ற ஒரு கையெழுத்துப் போதும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் நூறு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அவருக்கு நினைவு திரும்பியபோது நான் கையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். போர்வையைப் பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. கையால் தடவிப் பார்த்தார்.

"யாரு கையெழுத்து போட்டது?"

"நான்தான்."

"நீ யாரு?"

நான் கஞ்சியைக் கலக்கினேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி குறுக்கே விழுந்து, "அக்காவ இப்டியா கேக்கறது? பாவம், அவங்க சாப்புடக்கூட போவாம உன்னாண்டயே குந்திகினு இருந்தாங்க" என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்தது அந்த அம்மாவைப் பார்த்து. "அக்காவா? ஆமாமா. அங்கருந்து கடல் தாண்டி வந்து என் காலை வாங்கிக்கினு போன அக்கா."

கஞ்சியைக் குடிக்கவில்லை. நான் மூடி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் இருந்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து சத்தம் வந்தது. "யக்கா! ஆறிப்போச்சி, எத்துனு வா." பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்பதற்காகத்தான் அந்த யக்கா என்று எனக்குத் தெரியும். இருந்தும் போனேன்.

5

ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாக வேண்டும். புண் ஆறத் தொடங்கியதும் வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று விட்டார்கள். எந்த வீட்டுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அக்கா இருக்கிறாள் அல்லவா?

செல்வி ஆட்டோ கொண்டு வந்தாள். முதலில் இல்லத்துக்குத்தான் போனோம். பாஸ்கர் சார் வாசலுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து தேவராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், எப்படி இருக்கீங்க?"

"பாதி இருக்கேன் சார்."

பாஸ்கர் சார் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இங்க தங்கறவங்க அவங்கவங்க வேலைய அவங்களே பாத்துக்கணும்மா. அதுதான் ரூல். மாடி ஏற முடியாது, பாத்ரூம் தனியா போக முடியாது. ராத்திரி ஒரு வாட்ச்மேன்தான் இருக்கார். நாளைக்கு விழுந்து ஏதாவது ஆச்சுன்னா இல்லத்தையே மூடிடுவாங்க. அப்புறம் மத்தவங்க எங்க போவாங்க?"

அவர் சொன்னது சரி. இந்தக் கதையில் எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் கிடக்கிறது.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆதரவற்றோர் காப்பகம் ஒன்று படப்பைக்கு அப்பால் இருப்பதாகச் செல்வி சொன்னாள். அங்கே முன்னமே பேசி வைத்திருந்தாள். ஆட்டோவிலேயே அவ்வளவு தூரமும் போனோம். வழியெல்லாம் லாரிகள். தேவராஜ் ஒவ்வொரு ஓட்டலாகப் பார்த்து, "இந்தக் கடையில கல்லு சரியில்ல, பரோட்டா வேகாது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தாரோ என்னவோ.

காப்பகம் சுத்தமாக இருந்தது. வேப்ப மரம், வரிசையாகக் கட்டில், வெள்ளை விரிப்பு. ஒரு கட்டில் காலியாகவும் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். நடத்துகிற அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிச் சீட்டை மேலிருந்து கீழே படித்தார்.

"இது யாருமே இல்லாதவங்களுக்கான இடம். இவருக்கு அக்கா இருக்காங்கன்னு போட்டிருக்கே."

செல்வி தயங்கினாள். "மேடம், அது அட்மிஷனுக்காக..."

"அட்மிஷனுக்காக? அப்ப அக்கா இல்லையா?" அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப காலை எடுக்கறதுக்குச் சம்மதம் குடுத்தது யாரு? யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போட்டு இன்னொருத்தர் காலை எடுத்தாங்களா? அப்படி எழுதிக் குடுங்க, ஆஸ்பத்திரிலயே கேட்டுக்கறேன். யார் அப்படிச் சொல்லச் சொன்னது?"

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு வீட்டில் ஒரு கைக்குழந்தை. வேலையை நீட்டுகிற மாதமும் அதுதான். அந்தத் தூக்கமில்லாத டாக்டர் பிள்ளையையும் நினைத்தேன்.

"நான்தான் அக்கா" என்றேன். "கூடப் பிறந்தனான். இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நல்ல சேலை உடுத்தியிருந்தேன். எப்போதும் உடுத்துவேன்.

"நல்லாத்தானே இருக்கீங்க? கூடப் பொறந்தவனுக்குக் கால் போயிடுச்சுன்னதும் கொண்டாந்து இங்க தள்ளிட்டுப் போறீங்களே, வெக்கமா இல்ல?"

என் அம்மா அப்பாகூட என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகாமிலும் நான் அப்படி ஒரு சொல் வாங்கியதில்லை. அந்தக் காப்பக வாசலில் வாங்கினேன், வாயைத் திறக்காமல். ஆட்டோ பக்கத்தில்தான் நின்றது. தேவராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்து ஏறியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டல்களையும் பார்க்கவில்லை.

6

ஆட்டோவிலிருந்தே ரஜனிக்கு எடுத்தேன். நடந்ததைச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு மட்டும், ஒரு மூலை போதும் என்றேன்.

அவள் எப்போதும் இந்த ஊர்ப் பேச்சுத்தான் பேசுவாள். பயந்தால் மட்டும் நம் பேச்சு வரும். "அம்மா, உங்களுக்கு விசரா? நாலு பேருக்கு மேல ஓராள் கூடினாலே வீட்டுக்காரன் வெளியில போடுவன் எண்டவன். அவரை ஆரெண்டு சொல்றது? ஆர் எண்டு பொலிஸில பதியிறது? தருணுக்குப் பரீட்சை வருது. எங்களையும் ரோட்டில விடப் போறீங்களா?"

நான் வைத்துவிட்டேன். அவள் சொன்னதிலும் பிழையில்லை.

"எங்கம்மா வுடறது? சொல்லு, எனக்கு வேற சவாரி கீது" என்றார் ஆட்டோக்காரர்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தேவராஜ்தான் சொன்னார். "மேம்பாலத்தாண்ட வுடுப்பா. இல்லத்து செவுத்தோரமா. புதங்கெழம வண்டி வந்தா கட்டு கட்டிக்கலாம், சோறு வெளிய வந்துரும். வேற இன்னா வோணும்?"

அங்கேயே விட்டோம். பாஸ்கர் சார் உள்ளிருந்து ஒரு பாயும் போர்வையும் மழைக்குப் பிளாஸ்டிக் ஷீட்டும் கொண்டு வந்து தன் கையாலேயே கட்டிக் கொடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் தேவராஜ். அந்தப் பக்கம் அவர் முன்பு படுத்த கட்டில். இப்போது அதில் வேறொருவர் படுக்கிறார்.

உள்ளே பரிமாறி முடித்ததும் நான் தட்டை வெளியே கொண்டு போவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருப்பேன். காலைப் பற்றி இருவரும் பேசியதில்லை. ஒரு முறை மட்டும், பிளாட்பாரத்தில் போகிற வருகிற கால்களைப் பார்த்துக்கொண்டே, "படுத்துகினு பாத்தா வேற ஒண்ணும் தெரீல யக்கா, எல்லாம் காலுதான்" என்றார். அங்கே கேட்பதற்குப் பக்கத்துக் கட்டில்காரர்கள் யாரும் இருக்கவில்லை.

7

மழை தொடங்கியது. மேலே ஷீட் தடுத்த தண்ணீர் தரை வழியாக உள்ளே வந்தது. ஒரு புதன்கிழமை செல்வி கட்டை அவிழ்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஆறியிருந்த இடம் திரும்பக் கறுத்திருந்தது.

"ஆஸ்பத்திரி" என்றாள்.

பாய், கோப்பை, மாற்றுச் சேலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். கூட நிற்பது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். ரத்தம் எங்கே கொடுப்பது, மருந்து எந்த ஜன்னலில், தள்ளுவண்டி யாரிடம் கேட்பது எல்லாம் தெரியும்.

இந்த முறை டாக்டர் வேறொருவர். அழுத்திப் பார்த்தார். தேவராஜுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "இப்ப தொடை வரைக்கும் எடுக்கணும் ஐயா. எடுத்தா ஒரு வாய்ப்பு இருக்கு. உங்க கூட யாரு?"

நான் வாயைத் திறந்தேன்.

"யாரும் இல்ல சார்" என்றார் தேவராஜ். "நான் அனாத."

"இந்தம்மா?"

"சோறாக்கற அம்மா. தொணைக்கி வந்துகிது. அவ்ளோதான்."

செல்வி பதறிப்போனாள். "தேவராஜண்ணா, என்ன பேசறீங்க? அவங்க உங்க அக்கா!"

"அக்கா இருந்தா கையெழுத்து போட்டுரும், செல்விம்மா. போன தபா போட்டுச்சே. யாருமில்லன்னா என்னாண்டதான கேக்கணும்? கேளுங்க. நான் வோணாம்னு சொல்றேன்."

டாக்டர் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். எடுக்காவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். தேவராஜ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "புரிஞ்சிது சார். எடுத்துட்டு எங்க அனுப்புவீங்க?" என்றார். டாக்டர் சீட்டைப் புரட்டினார். "அங்கதான சார். அதே செவுத்துக்கு. அதுக்கு இருக்கறதோடயே போறேன்."

பிறகு என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. தட்டு வைக்கும்போது போதும் என்று கையைக் காட்டுவாரே, அந்தப் பார்வை. நான்தான் அக்கா என்று அந்த இடத்தில் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தவள் நான். சொல்லவில்லை. போன முறை அவருக்கு நினைவில்லை, நான் பேசினேன். இந்த முறை அவர் பேசுகிறார்.

வாசலில் இருந்த காவலாளி, "நோயாளிகூட யாரு? மத்தவங்க வெளிய நில்லுங்க" என்றார். நான் பையோடு வெளியே போய் நின்றேன்.

மாத்திரைகள் எழுதித் தந்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர், "இன்னிக்கு இன்னா?" என்று கேட்டார்.

"சாம்பார்."

"நெனச்சேன்."

இப்போது புதன்கிழமைகளில் செல்வி கட்டு மாற்றுவதோடு சரி. ஆஸ்பத்திரி என்ற பேச்சை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அவர் முக்கால்வாசி நேரம் தூங்குகிறார். தட்டில் பாதி அப்படியே திரும்பி வருகிறது. கட்டை அவிழ்க்கிற நேரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் விலகிப் போகிறார்கள், மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். "நீயும் போ, நாறுது" என்கிறார் என்னிடம். நான் போவதில்லை. செல்விக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் வெட்டி மிஞ்சிய அந்தக் காலை நான்தான் பிடித்துக்கொள்கிறேன். அவள் கட்டி முடிக்கும் வரை அது என் மடியில் இருக்கிறது. இவ்வளவு பாரம் இல்லாத ஒன்றை நான் தூக்கியதில்லை.